கஸுயோ முட்டி போட்ட பன்னிரண்டு விநாடி

நாற்பத்தேழு வயதில் கஸுயோ சுபோதாவுக்குக் கம்ப்யூட்டர் அனிமேஷன் கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆசையெல்லாம் வரவில்லை. முழங்கால் போனது, அவ்வளவுதான்.

ஜப்பானின் கினுகாவாவில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவள். கிமோனோ கட்டிக்கொண்டு நாளைக்கு அறுபது எழுபது தடவை அறை வாசலில் முட்டி போட வேண்டும். கதவைத் தள்ளித் திறந்து, தலை குனிந்து, தேநீர்த் தட்டை உள்ளே நகர்த்தி, மறுபடி எழ வேண்டும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே தரையில உக்காரவே உக்காராதீங்க" என்றார். அதே மாதம் விடுதியையும் இழுத்து மூடினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பெண் நீட்டிய தாளில், நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற பயிற்சிகள் மூன்றுதான் இருந்தன. கணக்கு எழுதுவது, மருத்துவமனைப் படிவம் நிரப்புவது, அனிமேஷன். முதல் இரண்டிலும் இடம் தீர்ந்துவிட்டது.

அப்படித்தான் தாச்சிகாவாவில் இருந்த அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். பதினான்கு பேர். அவளைத் தவிர எல்லாரும் முப்பதுக்குக் கீழே. சொல்லிக்கொடுத்த மிதொபே சாருக்கே முப்பத்தொன்றுதான். கோடையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனுஷன். முதல் வாரம் மவுஸ் அவள் கையில் எலியாகவே ஓடியது. மூன்றாம் மாதம் ஒரு பந்தைக் குதிக்க வைத்தாள். நாலாம் மாதம் ஒரு பொம்மையை நடக்க வைத்தாள். அது நடந்த நடையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஐந்தாம் மாதம் இசோகாய் என்கிற பெண் இயக்குநர் வகுப்புக்கு வந்தார். சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு விடுதியில் நடக்கிற கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அதில் பென்சிலால் ஒரு அறை, ஒரு தள்ளுகதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

"பன்னிரண்டு விநாடி ஷாட். கிமோனோ கட்டின பொண்ணு கையில தட்டோட வர்றா, முட்டி போடறா, கதவைத் திறக்கறா, வணக்கம் சொல்றா. கதவு அம்புக்குறி பக்கமாத்தான் நகரணும். பொம்மையையும் நீங்களே செய்யுங்க. நல்லா பண்ற ஒருத்தருக்கு எங்ககிட்ட வேலை."

வகுப்பே கஸுயோவைத் திரும்பிப் பார்த்தது. கஸுயோ குனிந்து தாளைப் பார்த்தாள். கோயில் மணி அடிப்பது போல நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. உத்சுனோமியாவில் இருந்த அவள் அக்கா, டப்பாச் சோறு கட்டும் ஃபேக்டரியில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே சோற்றின் மேல் ஊறுகாய் வைக்கிற வேலை. "இங்க ஒண்ணும் அமையலேன்னா வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அங்கே போனால் மிச்சமிருக்கிற முழங்காலும் போகும். அது அவளுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"இதுல போட்டியே இல்ல" என்று ஷுன்பேய் உதட்டைப் பிதுக்கினான். இருபத்து மூன்று வயசு, வகுப்பிலேயே கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும். "அக்காதான் ஜெயிக்கப் போறாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணுவாங்க."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். எல்லாரும் மாதிரிப் படம் தேடி இணையத்தைத் துழாவிக்கொண்டிருக்க, அவள் ஒரு படமும் பார்க்காமல் மனசில் இருந்ததை வைத்தே ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். லட்சம் தடவை முட்டி போட்டவளுக்கு மாதிரி எதற்கு? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையல்லவா!

ஓடவிட்டுப் பார்த்தபோது திரையில் இருந்த பெண் அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல் தொப்பென்று உட்கார்ந்தாள். கதவு தானாகத் திறந்தது. தலை மட்டும் முன்னால் விழுந்தது.

"அக்கா, உங்க விடுதியில ரோபோவையா வேலைக்கு வெச்சிருந்தீங்க?" என்றான் ஷுன்பேய். எல்லாரும் சிரித்தார்கள். கஸுயோவும் சிரித்தாள், உள்ளே எரிந்தது.

மிதொபே சார் சிரிக்கவில்லை. "சுபோதா-சான், முட்டி போட உங்க உடம்புக்குத் தெரியும். தலைக்குத் தெரியாது. தலையை நம்பாதீங்க, படத்தை நம்புங்க. உங்களையே படம் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்க. படத்துல என்ன இருக்கோ அதை அப்படியே போடுங்க, சொந்தச் சரக்கு வேண்டாம்."

வீட்டில் ஒரே ஒரு தள்ளுகதவுதான், படுக்கை வைக்கிற அலமாரிக்கு. கஸுயோ பெட்டியைத் திறந்து பழைய கிமோனோவை எடுத்துக் கட்டினாள். போனைச் சோறு வடிக்கும் குக்கர் மேல் சாய்த்து, தான் படத்துக்குள் விழுகிறோமா என்று தெரிய வேண்டுமே என்று முன்பக்கக் கேமராவைப் போட்டுக்கொண்டாள். முழங்காலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரே ஒரு தடவை முட்டி போட்டாள். எழுந்திருக்க அலமாரியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வீடியோவைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். அலமாரிக் கதவு இசோகாய் அம்மா போட்ட அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்தான் நகரும் என்று கவலைப்பட்டிருந்தாள். வீடியோவிலோ அம்புக்குறிப் பக்கமே நகர்ந்தது. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டு விநாடிக்கு இருநூற்று எண்பத்தெட்டு ஃப்ரேம். ஆறுக்கு ஒன்றாக நாற்பத்தெட்டுப் படங்களை மூலைக் கடை மெஷினில் அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டினாள். பிறகு உட்கார்ந்து பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு விஷயம் இருந்தது! முழங்கால் தரையைத் தொடுவதற்கு முன்பே பாரம் முழுக்கக் கால்விரல் நுனிக்குப் போய்விடுகிறது. இடுப்பு இறங்கி முடித்த பிறகும் தலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கை தட்டை ஏந்துகிறது. மறு கை கிமோனோவின் ஓரத்தை ஒரு கணம் தொட்டு, விரியாமல் பிடித்து, விட்டுவிடுகிறது. இருபத்து நான்கு வருஷம் விருந்தாளிகள் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவள் இப்போதுதான் பார்க்கிறாள். அடடா, நான் எவ்வளவு அழகாக வேலை செய்திருக்கிறேன் என்று கஸுயோ வாய்விட்டே சொன்னாள். அப்படித் தன்னைத் தானே மெச்சிக்கொண்டது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

சுவரில் இருந்ததை ஒரு மயிரிழை பிசகாமல் திரைக்கு இறக்கினாள். பொம்மைக்குக் கிமோனோ கட்டியதும் அதே படங்களைப் பார்த்துத்தான்.

இசோகாய் வருவது வெள்ளிக்கிழமை. திங்களன்று வகுப்பில் போட்டுக் காட்டினாள். கை தட்டினார்கள். மிதொபே சார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் அளவுக்கு அது பெரிய பாராட்டு. ஷுன்பேய் மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா ஏதோ சில்லுனு இருக்கு. இந்தம்மா கொண்டு வர்ற டீயை நான் குடிக்க மாட்டேன்."

"பொறாமைடா உனக்கு."

"இருக்கலாம். ஆனாலும் குடிக்க மாட்டேன்."

அது அவளை முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. கண்ணா, புருவமா, தலை குனிகிற வேகமா? வீட்டுக்கு வந்ததும் விடுதி மூடின அன்று வாசலில் எடுத்த படத்தைத் தேடி எடுத்தாள். ஒன்பது பெண்கள் வரிசையாக நிற்கிற படம். அதை நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்பதாவதாக ஒட்டிவிட்டு, முகங்களை ஒப்பிட்டுக்கொண்டு போனாள். தன் முகத்துக்கு வந்ததும் நின்றாள். கன்னத்து மச்சம் இடம் மாறியிருந்தது. நாற்பத்தெட்டுப் படத்திலும் ஒரு பக்கம், இந்த ஒரு படத்தில் மறு பக்கம்.

மச்சத்தில் இருந்து அவள் கண் கழுத்துக்கு இறங்கியது. அங்கே பார்த்ததும் கையில் இருந்த பசை டப்பா கீழே விழுந்தது.

கிமோனோவில் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே விட்டுக் கட்டுவது செத்தவர்களுக்கு மட்டும். அந்த ஊரில் இது நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அந்தப் போனின் முன்பக்கக் கேமரா, கண்ணாடியைப் போலப் பக்கம் மாற்றி எடுத்திருக்கிறது. அதனால்தான் கதவும் அம்புக்குறிப் பக்கமே போயிருக்கிறது. இருபத்து நான்கு வருஷம் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கிமோனோ கட்டியவளுக்கு, கண்ணாடியில் தெரிகிற தன் உருவம் தப்பாகத் தோன்றவே இல்லை. வேறு யாருடைய படமாக இருந்திருந்தாலும் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பாள். தன்னைத்தான் அவள் நேராகப் பார்த்ததே இல்லை. சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று சார் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டு, ஒரு பிணத்தை அலங்கரித்துத் தேநீர்த் தட்டோடு அனுப்பியிருக்கிறாள்!

மறுநாள் காலை, ஷுன்பேயின் திரையைத் தற்செயலாகப் பார்த்தாள். அவன் பொம்மைக்கும் வலப்பக்கம்தான் மேலே இருந்தது. அவன் ஏதோ விடுதியின் விளம்பர வீடியோவை மாதிரியாக வைத்திருந்தான். கதவு அம்புக்குறிக்கு எதிராகப் போனதால் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தையே திருப்பிப் போட்டிருந்தான். தன் ஷாட்டையே பார்த்துப் பார்த்துப் பழகிய அவன் கண்ணுக்கு அதில் சில்லென்று எதுவும் தெரியவில்லை போலும்.

கஸுயோ ஒரு நிமிஷம் அவன் பின்னால் நின்றாள். பேசாமல் போயிருக்கலாம். இவனைத் தாண்டினால்தான் வேலை. இவன்தான் ரோபோ என்றவன். ஊறுகாய் ஃபேக்டரி கண் முன்னால் வந்து போனது. பிறகு, சீ, இப்படி ஜெயித்து என்ன பண்ணப் போகிறேன் என்று தோன்றியது.

"டேய், உன் பொண்ணு செத்துப் போயிட்டா."

"என்னது?"

"கழுத்தைப் பாரு."

பார்த்தான். முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா! போன ஜனவரியில புத்தாண்டுக்குத்தான் எனக்கும் ஒருத்தர் கிமோனோ கட்டி விட்டாங்க, நான் கண்ணாடியைக்கூடப் பாக்கல."

அவள் வகுப்பு முழுக்கச் சொன்னாள். மிதொபே சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும் பார்த்தேனே, எனக்கும் தோணலையே!" ஷுன்பேய் ஒரு மணி நேரத்தில் கழுத்துப் பட்டியை இடம் மாற்றி வைத்துவிட்டுச் சோம்பல் முறித்தான். "அவ்வளவுதான் அக்கா. பட்டியை மட்டும் மாத்துங்க, பொழைச்சுப்பா."

கஸுயோவும் மாற்றினாள். ஓடவிட்டாள். நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள்.

"இல்லடா. கை தப்பு."

"எந்தக் கை?"

"இடப்பக்கத் துணி மேல வந்தா, அதோட ஓரம் வலப்பக்கம் வந்து முடியும். முட்டி போடறப்ப வலது கைதான் அந்த ஓரத்தைப் பிடிக்கணும். தட்டு இடது கையில இருக்கணும். இவ எல்லாத்தையும் மாத்திப் பண்றா. ஒண்ணுமே இல்லாத பக்கத்தைப் போய்த் தடவறா."

"பன்னிரண்டு விநாடி அக்கா! யாரு பாப்பாங்க?"

மிதொபே சாரும் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நாள்தான் இருக்கு சுபோதா-சான். கை மாறினா தோள் மாறும், இடுப்பு மாறும், இருநூத்தி எண்பத்தெட்டும் மாறும். புதுசா மாதிரிப் படம் வேற வேணும். அதுக்கு நீங்க…" என்று அவள் முழங்காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சார், படத்தை நம்புன்னு நீங்கதான் சொன்னீங்க. நம்பறேன். நம்பற மாதிரி ஒரு படம் எடுத்துக்கறேன்."

அந்தக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், தேநீர் வகுப்பு நடத்த வாடகைக்கு விடுகிற பாய் விரித்த அறை ஒன்று இருந்தது. அதன் கதவு அம்புக்குறிப் பக்கமே நகர்கிற கதவு. புதன்கிழமை மத்தியானம் கஸுயோ கிமோனோவோடு மேலே ஏறினாள். கேமராவைப் பிடிக்க ஷுன்பேயே வந்தான். பின்பக்கக் கேமராதானா என்று நாலு தடவை பார்த்துக்கொண்டான்.

முதல் தடவை தட்டு ஆடியது. இரண்டாவதில் வலி முகத்தில் தெரிந்தது. அது பொம்மைக்குள் போய்விடும், கூடாது. மூன்றாவதில் எழவே முடியவில்லை, ஷுன்பேய் தூக்கி நிறுத்தினான். "போதும் அக்கா, இதையே வெச்சுக்கலாம்" என்று கெஞ்சினான். "நீ பிடி" என்றாள். ஏழாவது தடவை பாரம் விரல்நுனிக்குப் போனது. வலது கை ஓரத்தைத் தொட்டு விட்டது. கதவு ஓசையில்லாமல் நகர்ந்தது. தலை கடைசியாக, மெதுவாக இறங்கியது. விடுதியின் நல்ல நாட்களில்கூட அப்படி ஒரு வணக்கம் வைத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

எழுந்தபோது கண்ணில் நீர்.

"அழறீங்களா அக்கா?"

"கண்ணு வேர்க்குதுடா. படம் வந்துச்சா பாரு."

மீதி நேரமெல்லாம் வேலை, வேலை, வேலை. முழங்காலுக்கு ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் புதுப் படங்கள், மறுபக்கம் ஒன்பது பெண்கள் நிற்கிற பழைய படம் என்று வைத்துக்கொண்டு முதல் ஃப்ரேமில் இருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் கை தயங்கவில்லை. படம் சொன்னதைச் செய்தாள். படம் மங்கலாக இருந்த இடத்தில் உடம்பைக் கேட்டாள். இரண்டும் ஒத்துப்போகிறவரை விடவில்லை. வெள்ளிக்கிழமை இசோகாய் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில்தான் கடைசி ஃப்ரேம் முடிந்தது.

இசோகாய் சோற்றுருண்டையைப் பிரித்துக் கடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஷுன்பேயின் ஷாட் வந்தது. வெளிச்சம், பாயின் இழை, தட்டின் பளபளப்பு எல்லாம் பிரமாதம். வகுப்பே ஆகா என்றது. இசோகாய் நிறுத்தினார்.

"இந்தக் கை எதைத் தம்பி பிடிக்குது?"

"கிமோனோ ஓரத்தை, மேடம்."

"அந்தப் பக்கம் ஓரமே இல்லையேப்பா. படத்தைத் திருப்பிப் போட்டுட்டு, அப்புறம் கழுத்தை மட்டும் சரி பண்ணியிருக்க. அப்படித்தானே?"

ஷுன்பேய் காது வரை சிவந்தான்.

"வெக்கப்படாதே. போன வருஷம் எங்க ஆளுங்களே இதைப் பண்ணாங்க. நாற்பது ஷாட்டைத் தூக்கிப் போட்டோம். நான் விடுதிக்காரங்க வீட்டுப் பொண்ணு, எனக்கே கடைசியிலதான் தெரிஞ்சுது. அதனாலதான் வேணும்னே கதவை வழக்கத்துக்கு மாறா எதிர்ப்பக்கம் நகர வெச்சேன். இந்தக் காலத்துல எல்லாரும் படத்தைத் திருப்பத்தான் திருப்புவாங்க. திருப்பினப்புறம் யாரு பாக்கறாங்கன்னுதான் பாக்க வந்தேன்."

அடுத்தது கஸுயோவுடையது. அதில் பளபளப்பெல்லாம் இல்லை. சுவர் வெறும் சாம்பல் நிறம், பாய்க்கு இழைகூடப் போடவில்லை. ஆனால் அந்தப் பெண் வந்தாள். பாரத்தை விரல்நுனிக்கு வாங்கினாள். முழங்கால் தரை தொடுமுன் வலது கை இறங்கி ஓரத்தைத் தொட்டு, விட்டது. கதவு நகர்ந்தது. தலை இறங்கியது.

இசோகாய் கடிப்பதை நிறுத்தினார். தன்னையறியாமல் தானும் திரையைப் பார்த்துத் தலை குனிந்தார். விருந்தாளி பதில் வணக்கம் வைப்பது போலவே இருந்தது. பின்வரிசையில் இரண்டு பேரும் குனிந்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டார்கள். மூன்று தடவை போட்டார்கள். "மாதிரிக்கு யாரு முட்டி போட்டது?"

"நான்தான் மேடம்."

"ஏழு தடவை!" என்று ஷுன்பேய் எழுந்தேவிட்டான். "என் தப்பையும் இவங்கதான் எனக்குச் சொன்னாங்க. கையும் தப்புன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல."

இசோகாய் கையைத் துடைத்துக்கொண்டார். "சுபோதா-சான், படத்துல இந்த மாதிரி முட்டி போடற ஷாட் இன்னும் முப்பத்தாறு இருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

ஷுன்பேய்தான் முதலில் கை தட்டினான். மிதொபே சார் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். கஸுயோ வணக்கம் சொல்லலாம் என்று எழப் பார்த்தாள், முழங்கால் கேட்கவில்லை, உட்கார்ந்தபடியே தலை குனிந்தாள். குனிந்த தலை நிமிர வெகு நேரம் ஆயிற்று. சந்தோஷத்தில் முகம் கோணியிருப்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து உத்சுனோமியாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, ஃபேக்டரியில சொல்லிடு. நான் வரல."

மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "என்ன வேலைடி குடுத்தாங்க?" என்றாள்.

"விடுதிப் பொண்ணு முட்டி போடற வேலை. முப்பத்தாறு தடவை."

"ஐயையோ, உன் காலுக்கு அது ஆகுமா?"

"நான் எங்க முட்டி போடறது? மாதிரிப் படம் ஏழு இருக்கு, எனக்கு அது போதும்." கஸுயோ இரண்டு காலையும் பெஞ்சின் மேல் ஜம்மென்று நீட்டிக்கொண்டாள். "இருபத்து நாலு வருஷம் நான் போட்டாச்சு அக்கா. இனிமே அவ போடுவா. நான் நாற்காலியில உக்காந்து, சரியாப் போடறாளான்னு பாப்பேன்."